எமிட் ரோட்ஸ் தொகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எமிட் ரோட்ஸ் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

கேள்விப்படாததில் வியப்பு ஒன்றும் இல்லை. அறுபதுகளின் பாப் இசையைக் கரைத்துக் குடித்தவர்களிலேயே பலருக்கு இவரைத் தெரியாது. 1950 பிப்ரவரியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஹாதார்ன். பீச் பாய்ஸ் குழுவின் வில்சன் சகோதரர்கள் வளர்ந்ததும் அதே ஊர்தான். பதின்ம வயதில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்து, 20 வயதில் ஒரு முழு ஆல்பத்தைத் தனியாளாகப் பெற்றோர் வீட்டிலேயே பதிவு செய்து, அதை அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 29ஆம் இடம்வரை கொண்டுபோனவர். 24 வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த ஆல்பம் வெளிவந்தது 2016இல்.

எந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

2009இல் ஹிப்-ஓ செலக்ட் வெளியிட்ட இரண்டு சிடி தொகுப்பு. 'தி எமிட் ரோட்ஸ் ரெக்கார்டிங்ஸ் 1969-1973' என்று பெயர். அந்தக் காலத்தில் அவர் பெயரில் வந்த நான்கு ஆல்பங்களும் இதில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன: 'தி அமெரிக்கன் ட்ரீம்', 'எமிட் ரோட்ஸ்', 'மிரர்', 'ஃபேர்வெல் டு பாரடைஸ்'. ஆல்பத்தில் இடம்பெறாத 'டேம் தி லயன்' என்ற தனிப்பாட்டும் உண்டு.

நான்கும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதற்குப் பின்னால் கம்பெனிகளின் கதை ஒன்று இருக்கிறது. முதல் ஆல்பத்தின் உரிமை ஏ அண்ட் எம் என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம். மற்ற மூன்றும் ஏபிசி-டன்ஹில் நிறுவனத்திடம். ஏபிசியை 1979இல் எம்சிஏ வாங்கியது. ஏ அண்ட் எம்மை பாலிகிராம் வாங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் எல்லாம் சுற்றிச் சுழன்று யுனிவர்சல் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. ஹிப்-ஓ செலக்ட் அந்த யுனிவர்சலின் மறுவெளியீட்டுப் பிரிவாக இருந்தது. ஒரு காலத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவரின் பாடல்களை, அந்தக் கம்பெனிகளை விழுங்கிய மூன்றாவது கம்பெனி ஒன்றுசேர்த்திருக்கிறது.

பவர் பாப் என்றால் என்ன? இவர் அந்த வகைதானா?

பவர் பாப் என்ற சொல்லை 1967இல் முதலில் பயன்படுத்தியவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் என்று சொல்வார்கள். தன் குழு என்ன மாதிரி இசையை வாசிக்கிறது என்று விளக்கும்போது சொன்னது. பிறகு எழுபதுகளில் பிக் ஸ்டார், ராஸ்பெரிஸ், பேட்ஃபிங்கர் போன்ற குழுக்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று நிமிடத்துக்குள் முடியும் பாட்டு, உடனே மனதில் பதியும் மெட்டு, பளிச்சென்ற கிட்டார், அடுக்கடுக்கான கோரஸ் குரல்கள், பின்னால் நன்றாக இடிக்கும் டிரம்ஸ். பீட்டில்ஸ் 1965-66 காலத்தில் செய்ததை விட்டுவிட மனமில்லாதவர்களின் இசை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ரோட்ஸ் பாடல்களில் கிட்டாரைவிடப் பியானோவுக்கு அதிக இடம் இருக்கிறது. அதனால் கறாரான ரசிகர்கள் சிலர் இவரை அந்தப் பட்டியலில் சேர்க்கத் தயங்குவார்கள். ஆனால் பிற்காலப் பவர் பாப் இசைக்காரர்களைக் கேட்டால் கதை வேறு. ஜேசன் ஃபாக்னர், ரோஜர் மானிங் போன்றவர்கள் பின்னாளில் இவருடைய ஆல்பத்தில் வாசிக்க வந்ததே அதற்குச் சாட்சி. வகைப் பெயரைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை.

தனியாகப் பாடுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

இரண்டு குழுக்கள். முதலாவது தி பேலஸ் கார்டு. அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்த குழு அது. பெயருக்கு ஏற்றபடி லண்டன் அரண்மனைக் காவலர் போலச் சிவப்பு உடை போட்டுக்கொண்டு ஹாலிவுட்டின் ஹல்லபலூ கிளப்பில் வாசிப்பார்கள். ரோட்ஸ் அதில் டிரம்மர். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன்.

1966இல் அங்கிருந்து விலகி, கிட்டாரைக் கையில் எடுத்துக்கொண்டு, பாடகராகவும் பாட்டெழுதுபவராகவும் தி மெர்ரி-கோ-ரவுண்ட் குழுவைத் தொடங்கினார். ஏ அண்ட் எம் ஒப்பந்தம் கிடைத்தது. 1967இல் 'லைவ்' என்ற பாட்டு வந்தது. அமெரிக்கா முழுவதுக்குமான பட்டியலில் 63ஆம் இடம்தான். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் ரேடியோவில் அது பெரிய ஹிட். அடுத்து வந்த 'யூ ஆர் எ வெரி லவ்லி உமன்' 94ஆம் இடத்தைத் தொட்டது. 17 வயதுப் பையன் எழுதிய பாட்டு என்று நம்பமுடியாத அளவுக்கு அதன் மெட்டில் ஒரு சோகம் கவிந்திருக்கும்.

ஒரே ஆள் எல்லா வாத்தியங்களையும் எப்படி வாசித்துப் பதிவு செய்தார்?

இந்தத் தொகுப்பின் உயிர்நாடி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெர்ரி-கோ-ரவுண்ட் கலைந்த பிறகு ரோட்ஸ் ஒரு முடிவெடுத்தார். ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, யாரோ ஒரு தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு வளைந்துகொடுப்பதை விட, ரெக்கார்டிங் கருவிகளைத் தானே வாங்கிவிடுவது. ஹாதார்னில் பெற்றோர் வீட்டு கராஜ் ஸ்டூடியோ ஆயிற்று. நான்கு ட்ராக் டேப் ரெக்கார்டர் ஒன்று.

நான்கு ட்ராக் என்றால், ஒரே டேப்பின் அகலத்தை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். முதல் பட்டையில் ஒரு வாத்தியத்தை வாசிக்க வேண்டும். டேப்பைப் பின்னால் ஓட்டி, ஹெட்ஃபோனில் அதைக் கேட்டபடியே இரண்டாவது பட்டையில் அடுத்த வாத்தியம். இப்படியே மேலே மேலே அடுக்கிக்கொண்டு போவதுதான் ஓவர்டப். வாசிப்பவரும் அவரே, பட்டனை அழுத்துபவரும் அவரே. தாளம் ஓரிடத்தில் தடுமாறிவிட்டால் அதன்மேல் வைக்கிற எல்லாமே தடுமாறும். இன்றைக்கு மடிக்கணினியில் அந்த ஓர் அடியை மட்டும் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். அன்றைக்கு மறுபடி வாசிப்பதுதான் வழி.

பதிவான பட்டைகளை அளவாகக் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்சிங்குக்கு மட்டும் வெளியே போனார். முதல் டன்ஹில் ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர்கள் கர்ட் பெட்சரும் கீத் ஓல்சனும். பெட்சர் ஏற்கெனவே தி அசோசியேஷன் குழுவின் ஹிட் பாடல்களைத் தயாரித்தவர். ஓல்சன் பிற்பாடு ஃப்ளீட்வுட் மேக்கின் 1975 ஆல்பத்தைத் தயாரித்தார்.

இந்த முறையால் கிடைத்த பலன் காதில் விழுகிறதா என்று கேட்டால், நன்றாகவே விழுகிறது. 'வித் மை ஃபேஸ் ஆன் தி ஃப்ளோர்' பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு, பாடும் குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். பேஸ் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். டிரம்ஸ் அதற்கு எங்கே வழிவிட வேண்டும், எங்கே கூடச் சேர்ந்து இடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுபோல நடந்துகொள்ளும். தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டும் ஒரே ஆளின் கை. கோரஸ் குரல்களும் அப்படித்தான். மூன்று நான்கு பேர் சேர்ந்து பாடும்போது ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு நிறம் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே குரல் என்பதால் ஹார்மனி ஒட்டுத் தெரியாமல் சேர்ந்துகொள்கிறது. பாட்டு என்னவோ காதலில் அடிபட்டு முகம் குப்புறத் தரையில் கிடப்பவனைப் பற்றியது. மெட்டோ துள்ளிக்கொண்டிருக்கிறது.

குறையும் உண்டு. நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்கும்போது, எதிரே இருப்பவன் எதிர்பாராமல் ஏதாவது செய்வான், இவன் அதற்குப் பதில் சொல்வான். அந்த உரசல் இந்த ஆல்பங்களில் கிடைக்காது. எல்லாமே கொஞ்சம் அளந்து வைத்த மாதிரி இருக்கும்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியைக் காப்பியடித்தவர் என்கிறார்களே?

குரல் அவ்வளவு ஒத்துப்போகிறது, என்ன செய்ய. மெக்கார்ட்னியும் 1970 ஏப்ரலில்தான் பெரும்பாலும் வீட்டிலேயே, எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துத் தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதே ஆண்டு ரோட்ஸின் ஆல்பமும் வந்ததும் ஒப்பீடு தவிர்க்க முடியாததாகிவிட்டது. 'ஒற்றை ஆள் பீட்டில்ஸ்' என்ற பட்டப்பெயர் கடைசிவரை போகவில்லை. 2009இல் இத்தாலிய இயக்குநர் கோசிமோ மெஸ்ஸேரி இவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயரே அதுதான்.

பீட்டில்ஸின் பாதிப்பு இல்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மெக்கார்ட்னியுடையதில் பாதி, சும்மா வாசித்துப் பார்த்த துண்டுகள். ரோட்ஸின் 12 பாடல்களில் பெரும்பாலானவை தொடக்கம், நடு, முடிவு என்று செதுக்கி முடிக்கப்பட்டவை. அந்த ஒரு ஆண்டில், அந்த ஒரு விஷயத்தில், சின்னப் பையன்தான் ஜெயித்தான் என்பேன். பீட்டில்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

ஒரே சமயத்தில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளில் ஆல்பம் வந்தது எப்படி?

மெர்ரி-கோ-ரவுண்ட் கலைந்ததும், ஒப்பந்தப்படி ஏ அண்ட் எம்முக்குக் கொடுக்க வேண்டிய பாடல் பாக்கியைத் தீர்க்க ரோட்ஸ் பாடல்களைப் பதிவு செய்தார். ஸ்டூடியோக் கலைஞர்களை வைத்து, நரம்பிசை எல்லாம் சேர்த்துச் செய்தவை. கம்பெனி அவற்றை அலமாரியில் போட்டுப் பூட்டியது. பிறகு டன்ஹிலில் வந்த ஆல்பம் பேசப்பட ஆரம்பித்ததும் ஏ அண்ட் எம் விழித்துக்கொண்டு பழைய டேப்பைத் தூசிதட்டி 'தி அமெரிக்கன் ட்ரீம்' என்று கடைக்கு அனுப்பியது. வாங்கப் போனவருக்கு எது புதிது, எது பழையது என்று குழப்பம். அந்த ஆல்பம் 194ஆம் இடத்தோடு நின்றது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று நிறுத்தினார்?

ஒப்பந்தம். மூன்று ஆண்டில் ஆறு ஆல்பம் தருவதாக டன்ஹிலிடம் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஓர் ஆல்பம்.

அந்தக் காலத்தில் அது பெரிய அநியாயமாகத் தெரிந்திருக்காது. அறுபதுகளில் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டு ஆல்பம் போடுவது சாதாரணம். ஆனால் அந்தக் குழுக்களில் நாலைந்து பேர் இருந்தார்கள், வெளியில் தயாரிப்பாளர் இருந்தார், எஞ்சினியர் இருந்தார். இவர் பாட்டு எழுத வேண்டும், மெட்டுப் போட வேண்டும், எல்லா வாத்தியங்களையும் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும், டேப்பை ஓட்ட வேண்டும், பாட வேண்டும், மறுபடி பாட வேண்டும். ஊர் ஊராகப் போய்க் கச்சேரியும் செய்ய வேண்டும். 'மிரர்' ஆல்பத்தை முடிக்கவே ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது.

கெடு தவறியதும் கம்பெனி அவர்மேல் இரண்டரை லட்சம் டாலருக்கு வழக்குப் போட்டது. ராயல்டியையும் நிறுத்தி வைத்தது. சம்பாதித்ததை விடக் கடன் அதிகம் என்ற நிலையில் 1973இல் 'ஃபேர்வெல் டு பாரடைஸ்' வந்தது. அதோடு சரி.

இதைப் பேராசைக்காரக் கம்பெனி, பாவப்பட்ட கலைஞன் என்று மட்டும் பார்ப்பது வழக்கம். அது பொய்யல்ல. ஆனால் தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது எனக்குப் படுவது இதுதான்: அவர் பாட்டுக்கு அந்த அழகைக் கொடுத்த வேலைமுறையும், அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாதபடி செய்த வேலைமுறையும் ஒன்றுதான். நாலு பேரைக் கூலிக்கு வைத்து வாசிக்கச் சொல்லியிருந்தால் ஆறு ஆல்பமும் வந்திருக்கும். இன்றைக்கு யாரும் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க மாட்டோம்.

இரண்டாவது, மூன்றாவது டன்ஹில் ஆல்பங்கள் கேட்கத் தகுந்தவையா?

'மிரர்' தகும். முதல் ஆல்பத்தைவிட முரட்டு ஆல்பம், கிட்டார் முன்னால் வந்திருக்கும். பவர் பாப் என்ற பெயருக்கு நான்கில் மிகவும் பொருந்துவதும் இதுதான். 'ரியலி வான்டட் யூ' பாட்டை எழுபதுகளின் எந்தப் பவர் பாப் தொகுப்பில் வைத்தாலும் தனியாகத் தெரியாது. விற்பனை என்னவோ 182ஆம் இடம்.

'ஃபேர்வெல் டு பாரடைஸ்' வேறு மாதிரி. களைத்துப்போனவரின் ஆல்பம். மெட்டுகள் மெதுவாகிவிட்டன, துள்ளல் குறைந்துவிட்டது, பாப் சூத்திரத்தை விட்டு விலகிப்போக ஆசைப்படுகிறார். பிடிக்கச் சமயம் எடுக்கும். சிலருக்கு இதுவே பிடித்த ஆல்பம். எனக்கு இன்னும் அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

இவர் பாடல்களை வேறு யாராவது பாடியிருக்கிறார்களா?

பெரிய ஆட்களே பாடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1968இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'டைம் வில் ஷோ தி வைசர்'. அது ரோட்ஸ் எழுதியது. பாடகி லிண்டா ரான்ஸ்டட் 'யூ ஆர் எ வெரி லவ்லி உமன்' பாட்டை எடுத்து, 'நீ' என்பதை 'அவள்' என்று மாற்றிப் பாடினார். தி பேங்கிள்ஸ் குழுவினர் தங்கள் 1984 ஆல்பத்தில் 'லைவ்' பாட்டைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வெஸ் ஆண்டர்சன் 2001இல் எடுத்த 'தி ராயல் டெனன்பாம்ஸ்' படத்தில் 'லல்லபை' ஒலிக்கும். ஒரு கிட்டார், ஒரு குரல், ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் தாலாட்டு. அந்த ஆல்பத்திலேயே ஆடம்பரம் மிகக் குறைந்த பாட்டு அதுதான். படம் பார்த்துவிட்டு யார் பாடியது என்று தேடப்போய் இவரிடம் வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேர்.

1973க்கும் 2016க்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்?

எலெக்ட்ரா-அசைலம் நிறுவனத்தில் ரெக்கார்டிங் எஞ்சினியராகவும் தயாரிப்பாளராகவும் வேலை பார்த்தார். ஹாதார்னை விட்டுப் போகவில்லை. வீட்டில் ஸ்டூடியோ வைத்து மற்றவர்களுக்குப் பதிவு செய்துகொடுத்தார். ஆல்பம் போடும் முயற்சிகள் இடையில் எழுந்து பாதியில் நின்றன.

2016இல் வந்த ஆல்பம் எப்படி?

'ரெயின்போ எண்ட்ஸ்'. ஆம்னிவோர் நிறுவனம் வெளியிட்டது. தயாரித்தவர் கிறிஸ் பிரைஸ் என்ற இளம் இசைக்கலைஞர். முன்னே சொன்ன ஃபாக்னர், மானிங் தவிர ஜான் பிரையன், ஏமி மேன், நெல்ஸ் க்லைன் என்று ஒரு படையே வந்து வாசித்துக் கொடுத்தது. பேங்கிள்ஸின் சூசன்னா ஹாஃப்ஸும் பாடியிருக்கிறார். 32 ஆண்டுக்கு முன் 'லைவ்' பாடிய அதே குழுக்காரர்.

கவனிக்க வேண்டிய மாற்றம், இந்தத் தடவை அவர் எல்லாவற்றையும் தானே வாசிக்கவில்லை. பாட்டும் குரலும் அவருடையவை, கூட வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். வேலையும் முடிந்தது. குரல் கனத்துவிட்டது, மெக்கார்ட்னி சாயல் ஏறக்குறைய போய்விட்டது. விவாகரத்தின் கசப்பைப் பேசும் 'டாக் ஆன் எ செயின்' பாட்டோடு ஆல்பம் ஆரம்பிக்கிறது. 1970இன் துள்ளலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வயதான ஒரு மனிதர் என்ன சொல்கிறார் என்று கேட்கப் போனால் நிறைய இருக்கிறது. 2020 ஜூலையில், 70ஆம் வயதில், அவர் காலமானார்.

தொகுப்பில் அவருடைய எல்லாப் பாடல்களும் இருக்கின்றனவா?

இல்லை. பெயரிலேயே 1969-1973 என்று இருக்கிறதே. பேலஸ் கார்டு காலமும் 2016 ஆல்பமும் இதில் சேராது. மெர்ரி-கோ-ரவுண்ட் பாடல்கள் வேண்டுமென்றால் வரீஸ் சாராபாண்ட் நிறுவனம் 1995இல் வெளியிட்ட 'லிசன், லிசன்' என்ற தொகுப்பைத் தேடலாம். அதில் குழுப் பாடல்களும் தனிப் பாடல்களும் கலந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு அது சிக்கனமான வழி. ஆனால் ஆல்பங்களை முழுதாக, வரிசை கலையாமல் கேட்க 2009 தொகுப்புதான்.

முதல்முறை கேட்கிறவர் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

முதல் சிடியை முதல் பாட்டிலிருந்து போடாதீர்கள். அங்கே 'தி அமெரிக்கன் ட்ரீம்' இருக்கும். நல்ல பாடல்கள் உண்டு, ஆனால் ஸ்டூடியோ மெருகு அதிகம். இதில் என்ன விசேஷம் என்று தோன்றிவிடும். நேராக 'எமிட் ரோட்ஸ்' ஆல்பத்துக்குப் போங்கள். 'வித் மை ஃபேஸ் ஆன் தி ஃப்ளோர்', 'சம்படி மேட் ஃபார் மீ', 'ஃப்ரெஷ் அஸ் எ டெய்சி' மூன்றையும் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக வந்து 54ஆம் இடம் பிடித்தது. பியானோ குதித்துக்கொண்டு வரும், இரண்டாவது தடவை கேட்கும்போது நீங்களே கூட முணுமுணுப்பீர்கள். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் இவர் உங்களுக்கான ஆள் இல்லை, அதில் தவறும் இல்லை. பிடித்துப்போனால் அந்த ஆல்பத்தை ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிட்டு 'மிரர்', அப்புறம் 'லைவ்' பாட்டுக்காக மெர்ரி-கோ-ரவுண்ட், பிறகு 'தி அமெரிக்கன் ட்ரீம்'. 'ஃபேர்வெல் டு பாரடைஸ்' கடைசியில் இருக்கட்டும். அதை ராத்திரியில் கேட்பது நல்லது.